கொல்லிப்பாவையும் வண்டற்பாவையும்: நீர்க்கரையின் நிலையாக் கலை

முன்னுரை

தமிழகக் கலை வரலாறு பெரும்பாலும் கல்லையும் செம்பையும் சான்றாகக் கொண்டு எழுதப்பெற்றுள்ளது. குடைவரை, கட்டுமானக் கோயில், செப்புத்திருமேனி என நிலைத்து நிற்கும் பொருள்களே அதன் காலவரிசையை வகுக்கின்றன. சில நாள் நின்று மறையும் பொதுவெளிக் கலையோ இருபதாம் நூற்றாண்டின் மேலைநாட்டுப் புத்தாக்கமாகவே பெரிதும் அறிமுகமாகிறது. 1985-இல் பாரிசு நகரின் சேன் ஆற்றிலுள்ள போன் நெஃப் பாலத்தைக் கிறிஸ்டோவும் ழான்-கிளாடும் துணியால் போர்த்தி, 14 நாள்களுக்குப்பின் அகற்றியமை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எனினும், நீர்க்கரையில் பலர் காணச் செய்யப்பெற்று நீராலேயே அழியும் உருவம் சங்கப் பாடல்களிலேயே பதிவாகியுள்ளது. மணலால் அமைந்த வண்டற்பாவையே அது. அதனைக் கொல்லிப்பாவையோடு ஒப்பிடும்போது, நிலைத்தது, நிலையாதது என்னும் பாகுபாட்டினுள் செய்தவர் யார் என்னும் வினா மறைந்திருப்பது புலனாகிறது.

கொல்லிப்பாவை: மாயா உருவம்

இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை, சங்க இலக்கியத்தில் பலாவளமும் தேனும் அருவியும் உடைய மலையாகக் காட்சியளிக்கிறது. அதன் குடவரையில் தெய்வம் எழுதிய பாவையைப் பரணர் பாடுகிறார் (குறு.89). கபிலர் அம்மலையை வல்வில் ஓரிக்கு உரியதாகக் கூறுகிறார் (குறு.100). ஓரியைக் கொன்று காரி அம்மலையைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூறு தருகிறது (அகம்.209). உடைமை கைமாறியபின்னும் பாவையின் புகழ் குன்றவில்லை.

இப்பாவையின் நிலைபேற்றை மிகத் தெளிவாக உரைப்பது நற்றிணையின் 201-ஆம் பாடல். காற்று மோதினும், மழை விரைந்து பொழியினும், இடி தாக்கினும், நிலமே அதிரினும் அருவிக்கு அணித்தான அப்பாவை தன் உருவழியாது என்கிறது அப்பாடல். இங்குச் சுட்டிய நான்கு பாடல்களிலும் பாவை தலைவிக்கு உவமையாகவே வருகிறது. அதனைச் செய்தது தெய்வம், காண்பவன் தலைவன், பெண் காணப்படும் உருவாகவே அமைகிறாள்.

வண்டற்பாவை: அழியும் உருவம்

வண்டற்பாவையில் இவ்வுறவு தலைகீழாகிறது. இங்குப் பெண்ணே உருவத்தைச் செய்பவள். ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியைப் பாடிய அம்மூவனார், தன் பாவையை அலை கவர்ந்ததால் கண் சிவக்க அழுது நின்றவளைக் காட்டுகிறார் (ஐங்.125). மற்றொருத்தி, பாவையைக் கவர்ந்த கடலையே தூர்த்துவிட எண்ணி நுண்மணலை வாரி இறைக்கிறாள் (ஐங்.124). இவ்விரு பாடல்களிலும் பாவையின் அழகு வருணிக்கப்படவில்லை; அதன் இழப்பும் அதனைச் செய்தவளின் சினமுமே பொருளாகின்றன.

தொடித்தலை விழுத்தண்டினார், மணற்பாவைக்குப் பூச்சூட்டிக் கயத்தில் ஆடிய மகளிரோடு தாமும் கைகோத்து ஆடிய இளமையை முதுமையில் நினைந்து இரங்குகிறார் (புறம்.243). பாவை மறைந்த பின்னும் அதனைச் சூழ்ந்த கூட்டம் நினைவில் நிற்கிறது.

நகர நீர்க்கரை

இவ்வழக்கம் சிற்றூர்ச் சிறுமியர் விளையாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை. சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பாடும் பேய்மகள் இளவெயினியார், தலைநகராகிய வஞ்சியைப் பொருநை ஆற்றங்கரையில் மகளிர் மணற்பாவைக்குப் பூக்கொய்யும் காட்சியோடு அறிமுகப்படுத்துகிறார் (புறம்.11). மதிலோ மாடமோ அன்றி, கரையில் எழும் மணலுருவே அந்நகரின் அடையாளமாகிறது. கொல்லியின் அழியாப் பாவையைத் தமதாக்கிக்கொண்ட சேரரின் தலைநகர்க் கரையிலேயே இந்த அழியும் பாவையும் இருந்தது. இதனைப் பதிவு செய்தவர் பெண்பாற் புலவர் என்பதும் கருதத்தக்கது.

காவிரி கடலொடு கலக்கும் புகாரில் மக்கள் கடலாடிப் புனல்படிந்து மகிழ்ந்ததைக் கூறும் பட்டினப்பாலை, பாவையைச் சூழ்ந்து ஆடுதலையும் அவற்றோடு சேர்த்துரைக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இதனினும் விரிந்த காட்சியைத் தருகிறது. இந்திர விழாவின் இறுதியில் கடற்கரையெங்கும் விளக்குகள் நிரம்ப, மாவினையொத்த நுண்மணலில் விழுந்த வெண்சிறுகடுகும் தெரியுமளவு ஒளி பரந்தது. புன்னை நிழலில் ஓவியம் தீட்டிய திரைகளால் மறைப்புகள் எழுந்தன. மணற்பாவை அளவிற் சிறிது. ஆயினும் பாவை, விளக்கு, திரை, கூட்டம் ஆகியவற்றை ஒருங்கு நோக்கினால், நகரக் கரையையே சில நாள் உருமாற்றிய பேரளவுக் கலைநிகழ்வு தென்படுகிறது.

அழிவையும் உள்ளடக்கிய இம்மரபு பின்னரும் தொடர்ந்தது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஆயர் சிறுமியர் தம் மணற்சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனக் கண்ணனை வேண்டுகின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு தனிப் பருவமாகவே அமைந்தது.

முடிவுரை

போன் நெஃப் பாலத்தின் போர்வை நிழற்படங்களாலும் வரைபடங்களாலும் நிலைபெற்றது. வண்டற்பாவை செய்யுளால் நிலைபெற்றது. கொல்லிமலையின் எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாக மக்கள் வழிபடினும், சங்கப் புலவர் கண்ட பாவையின் தன்மை இன்று அவர்தம் பாடல்களின் வழியாகவே அறியப்படுகிறது. ஆகவே, அழியாதது எனப் போற்றப்பெற்ற பாவையும் அலை கொண்டுபோன பாவையும் ஒரே வகைச் சான்றினாலேயே நம்மை வந்தடைந்துள்ளன. பொருள் எஞ்சுவதையே அளவுகோலாகக் கொண்டால், தெய்வம் எழுதியது கலையாகவும் பெண்கள் செய்தது விளையாட்டாகவும் பிரிந்துவிடும். மணலிலும் பூவிலும் ஒளியிலும் உருவாகி மறைந்தவற்றைக் கலை வரலாற்றினுள் கொணரும்போதே, அவற்றைச் செய்த மகளிரும் அவ்வரலாற்றில் கலைஞராக இடம்பெறுவர்.