அடையாற்றின் மேல் ஒரு பாலம்



சென்ற வாரம் ஊழிய அலுவலாகச் சென்னைக்குச் சென்றிருந்தேன். சைதாப்பேட்டையில் பேருந்தைவிட்டு இறங்கி, மறைமலை அடிகள் பாலத்தின் நடைபாதையில் நின்று சற்றுநேரம் அடையாற்றைப் பார்த்தேன். வில்லியனூரில் சங்கராபரணியைப் பார்த்துப் பழகிய நமக்கு, அதை ஆறு என்று சொல்லவே மனம் வராது. கரிய நீர், கரையெங்கும் கழிவு, மூக்கைப் பொத்திக்கொண்டு விரையும் மக்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டபோது மாநகரின் தென்பகுதியை மூழ்கடித்தது இதே ஆறுதான்.

நான் நின்ற இடத்தில் முன்பு வேறொரு பாலம் இருந்தது. 1726-ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் அதைத் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் அப்போஸ்தலனாகிய தோமாவின் நினைவாகச் செல்லும் யாத்திரிகர் ஆற்றைத் துன்பமின்றிக் கடக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் அவரே அமைத்தார். பாலத்துக்கு 30,000 வராகன் செலவிட்டதோடு, அதைப் பேணிக் காக்க 1,500 வராகனைத் தனியே ஒதுக்கினார் என்பர். கட்டடம் எழுப்புகிறவர்கள் பலர்; அதன் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் அரியர். நம் கட்டடக் குழுவினர் இவ்வரியைக் கவனிப்பார்களாக! மாம்பலம் என்னும் பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்து, அது 'மார்மலாங்' பாலம் என வழங்கிற்று.

இருபது ஆண்டுகள் கழித்து, 1746-இல், பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். கோட்டையைத் தமக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராததால் வெகுண்ட ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன், தம் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். ஏறத்தாழப் பதினாயிரம் பேர் அடையாற்றின் வடகரையில், சாந்தோமுக்கு அருகில், வழிமறித்து நின்றனர். அவர்களுக்கு எதிராகத் தெற்கிலிருந்து வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படைதான். பாரதி என்னும் தளபதியின்கீழ் ஏறத்தாழ ஆயிரம் பேர். பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். முகத்துவாரத்துக்கு அருகே ஆற்றில் இறங்கிக் கடந்து, ஒழுங்காகச் சுட்டு, நவாபின் படையைச் சிதறடித்தனர். ஐரோப்பிய முறையில் பழக்கப்பட்ட சிறுபடை பெரும்படையை வெல்லும் என்பதை அந்நாள் காட்டிற்று. அதன் விளைவை இந்நாடு இருநூறு ஆண்டுகள் அனுபவித்தது.

பாலம் கட்டியவரின் நிலை என்னவாயிற்று? சென்னையிலிருந்த அவருடைய உடைமைகளைப் பிரெஞ்சுக்காரர் பறித்துக்கொண்டனர். புதுச்சேரியில் வந்து குடியேறும்படி அழைத்தும் அவர் இணங்கவில்லை.

இதுவரை சொன்னது பிரெஞ்சுக்காரர் செய்தது. நாம் தலையை அசைத்துக் கேட்டுவிடலாம். அடுத்ததைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. உஸ்கான் வேப்பேரியில் ஒரு சிற்றாலயமும் கட்டியிருந்தார். 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியபின், கத்தோலிக்கர் பகைவருக்குத் துணைபோயினர் என்று ஐயுற்ற கம்பெனியார் அவர்களுடைய ஆலயங்களைக் கைப்பற்றினர். 1751-இல் உஸ்கான் மரித்தார். தம் சிற்றாலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். மறு ஆண்டே அவ்வாலயம் நம் புராட்டஸ்டண்டு மிஷனரியிடம் ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் பெப்ரிஷியஸ் ஐயர். வேதாகமத்தை அழகிய தமிழில் தந்தவர், நான் பெரிதும் மதிக்கிறவர். இறையியல் மாணவனாக இருந்த நாட்களில் வேப்பேரி மிஷன் சரித்திரத்தைத் தேவனுடைய வழிநடத்துதல் என்றே படித்தேன். தேர்விலும் அவ்வாறே எழுதினேன். அந்தக் கூரை யாருடையது என்று கேட்கவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய பாலத்தை 1960-களில் இடித்துவிட்டே இப்போதைய பாலத்தை எழுப்பினார்கள். ஏறக்குறைய 240 ஆண்டுகள் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நவாபின் ஆட்களும் பெயரறியாத ஏழை யாத்திரிகரும் அதன்மேல் நடந்தார்கள்.

அன்று மாலை வேப்பேரிக்கும் போனேன். இன்று அங்கே இருப்பது பரிசுத்த மத்தியா ஆலயம். அதன் வளாகத்தில் உஸ்கானின் கல்லறை இருக்கிறது. அவருடைய இருதயத்தை மட்டும், அவர் எழுதிவைத்தபடியே, ஒரு பேழையில் இட்டுப் பாரசீகத்திலுள்ள ஜுல்பாவுக்கு அனுப்பினார்களாம். கல்லறைக்கு முன்பாகச் சற்றுநேரம் நின்று ஜெபித்துவிட்டு, கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பினேன்.