உள்ளங்கைச் சீனி

ஊவாவின் தோட்டப்புறங்களில் தேநீர் அருந்தும் முறை ஒன்று உண்டு. சீனியைக் கோப்பையிலிட்டுக் கலக்காமல், உள்ளங்கையில் சிறிது வைத்துக்கொண்டு, நாவினால் தொட்டுத் தொட்டு, வெறுஞ்சாயத்தை மிடறு மிடறாகப் பருகுவார்கள். ஒரு கோப்பையை இனிப்பாக்கும் சீனி இம்முறையால் வீட்டார் பலருக்குக் காணும். கணக்கின் நிர்ப்பந்தத்தைக் கிராமிய ரசனை என்று மெச்சுவது வயிறு நிறைந்தவர்களின் வழக்கம்.

இந்தக் கணக்கு என் நினைவுக்கு வந்த சந்தர்ப்பத்தைச் சொல்லச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. பதுளைக் கடையொன்றில், ஹேசல் கொட்டையும் கொக்கோவும் சேர்த்து அரைத்த சொக்கலேட் கலவைப் போத்தல் ஒன்றை வாங்கினேன். பாணில் தடவி உண்பதே நோக்கம். ஆனால் அன்றிரவு மாணவர் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே, கரண்டியால் வழித்து வழித்துப் பாதிப் போத்தலைத் தின்றுவிட்டேன். பாண் அப்படியே இருந்தது. பின்னர் எழுந்த குற்றவுணர்வில் உடல் பருமன் பற்றிய அச்சம் ஒரு பங்கு. மற்றப் பங்கு, அந்தக் கொப்பிகளுக்கு உரியவர்கள் லயக் காம்பராவில் ரொட்டியும் சாயமும் உண்டுவிட்டுப் பள்ளிக்கு வருகின்ற பிள்ளைகள் என்பதனால் உண்டாயிற்று.

ஆனால் இந்தப் பண்டத்தின் சரித்திரத்தைப் புரட்டினால், அதுவும் பஞ்சத்தின் பிள்ளையாகவே பிறந்தது என்பதைக் காண்கிறோம். 1806இல் நெப்போலியன் பிரித்தானிய வாணிகத்திற்கு எதிராகத் தடை விதித்ததும், ஐரோப்பாவில் கொக்கோ அரிதாயிற்று. இத்தாலியின் தூரின் நகரத்து இனிப்புச் செய்வோர், தம் மலைகளில் மலிவாய் விளைந்த ஹேசல் கொட்டையை அரைத்துக் கலந்து, இருந்த கொக்கோவை நீட்டிக்கொண்டனர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னும் அதே தட்டுப்பாடு. 1946இல் அல்பா என்னும் சிற்றூரின் பியத்ரோ ஃபெரேரோ, அந்தப் பழைய உபாயத்தையே பின்பற்றி, பாணோடு வெட்டி உண்ணத்தக்க மலிவான கட்டி ஒன்றைச் செய்தார். 1951இல் அது தடவும் கலவையாகியது. 1964 ஏப்ரலில் ‘நுட்டெல்லா’ என்ற பெயரில் போத்தலில் அடைபட்டு வெளிவந்தது. உள்ளங்கைச் சீனிக்கு அது தூரத்து உறவு எனலாம். ஏழைக் குடும்பத்தின் உபாயம் உலகச் சந்தையின் ஆடம்பரமாக மாறிய கதை!

ஐரோப்பியச் சந்தைக்குரிய போத்தலில் சீனியும் செம்பனை எண்ணெயும் பாதிக்கு மேல்; கொட்டை 13 வீதம்; கொக்கோ 8 வீதத்திற்கும் குறைவு. செம்பனை என்றதும் தமிழன் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1917இல் சிலாங்கூரில் முதலாவது வர்த்தகச் செம்பனைத் தோட்டம் உருவானது. பின்னர், ரப்பர் தேய்ந்து செம்பனை ஓங்கியபோது, பால் வெட்டிய நம் உறவினர் பலரின் கைகள் அந்தக் குலைகளைச் சுமந்தன. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்கே சிறுவரின் உழைப்பும் அதில் கலந்திருப்பது நிரூபணமான செய்தி. அதைப் பறிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் சொக்கலேட்டைச் சுவைத்திருப்பார்கள்?

இனி நம் மலைகளுக்கு வருவோம். 1869இல் கோப்பிச் செடியை அழித்த இலைத் துருநோய் இலங்கையில் முதன்முதல் கண்டறியப்பட்டது பதுளைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமையிலேயே. கோப்பி சாய்ந்ததும் துரைமார் சிங்கோனாவை நட்டனர், கொக்கோவை நட்டனர். மேட்டு நிலங்களில் இறுதியில் தேயிலையே நிலைத்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளி சீனி கலந்த தேநீரால் பசியாற்றினான்; அந்தக் கொழுந்தைக் கிள்ளியவளுக்கோ தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கூலியில் கழிக்கப்பட்டது. தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு ஆளையே மாற்றும் ‘துண்டு’ முறை 1921 வரை இருந்தது. ஊவாவின் தாழ்நிலமாகிய மொனராகலைப் பக்கம் கொக்கோவும் விளைகிறது. 1980களில் புத்தளைக்கு அருகே பெல்வத்தையில் சீனி ஆலையும் எழுந்தது. இனிப்புக்கு வேண்டிய சரக்குகள் இந்த மாகாணத்திற்கு அந்நியமானவை அல்ல.

இத்தாலியில் அந்தப் போத்தல் வெளிவந்த அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். ஆண்டு ஒத்துப்போனது தற்செயல்தான். மனிதரை அளந்து பங்கிட்டது தற்செயலன்று. 1973 - 74இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏற, பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது. கிராமத்தவனுக்கு மரவள்ளி நடவாவது ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்தானுக்கு வாசற்படிக்கு அப்பால் எல்லாம் தோட்டத்துக்குரியது. 1974இல் தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. அக்காலத்தைக் கண்ட முதியவர்கள் இன்றும் சீனி டப்பாவை அளவுக்குமேல் திறப்பதில்லை.

நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. மறுவருடமே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. 2022 ஆகஸ்டில் அரசாங்கம் இறக்குமதியை இடைநிறுத்திய சுமார் 300 வகைப் பொருட்களில் சொக்கலேட்டும் ஒன்று. நகரத்து நண்பர்கள் அதைப் பெருங்குறையாகப் பேசிக்கொண்டார்கள். லயத்தில் அதைப் பற்றி எவரும் முறையிட்டதாக நான் கேட்கவில்லை.

எஞ்சிய பாதிப் போத்தலை மறுநாள் வகுப்பறைக்கு எடுத்துச் சென்றேன். இரண்டு இறாத்தல் பாணும் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் ஆரவாரத்தோடு உண்டார்கள். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் பாணை மடித்துப் பைக்குள் வைத்தாள். “தம்பிக்கு, சேர்” என்றாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு கரண்டி வைத்தேன். போத்தலில் கொண்டுவந்த சாயத்தைத் திறந்து, நாவினால் தொட்டுத் தொட்டு, மிடறு மிடறாகக் குடிக்கலானாள்.