காரைக்குடி புத்தகத் திருவிழாவும் கோட்டையூர்ப் பெட்டிகளும்



ஆயர் ஈத்தாமிலிருந்து தமிழகம் செல்வோர் பெரும்பாலும் துணி எடுக்கவும் கோயில் பார்க்கவுமே செல்கின்றனர். கடந்த பயணத்தில் நானும் அவ்வாறுதான் புறப்பட்டேன். காரைக்குடியில் இறங்கியபோது புத்தகத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் அங்கேயே கழிந்தது. பிள்ளையார்பட்டி மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. (வீட்டாரின் கோபம் தனிக்கதை.)

திருவிழா நடந்த இடம் கம்பன் மணிமண்டபம். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939ஆம் ஆண்டு காரைக்குடியில் கம்பன் திருநாளைத் தொடங்கினார். ஒரு காவியத்தைக் கேட்பதற்காக ஊர் கூடும் வழக்கம் அங்கு அப்போதே வேரூன்றிவிட்டது. அதற்கும் முன்பே, 1917இல், இந்து மதாபிமான சங்கம் தோன்றியிருந்தது. பாரதியார் 1919இல் அச்சங்கத்திற்கு வந்தார். கையில் கோலுடன் நிற்கும் அவருடைய புகழ்பெற்ற ஒளிப்படம் அப்போது எடுக்கப்பட்டதே. நம் வகுப்பறைச் சுவர்களில் அப்படத்தை மாட்டியிருக்கிறோம். எந்த ஊரில் எடுத்தது என்று மாணவரிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

ஆயினும் என் மனத்தைத் தைத்தது காரைக்குடியை அடுத்த கோட்டையூர்தான். இருவர் பிறந்த ஊர் அது.

ஒருவர் வள்ளல் அழகப்பர் (1909–1957). அவருடைய தொழில்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களும் அடங்கும். செல்வத்தைக் கல்விக்கே கொடுத்தார். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்கினார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அந்த வளாகச் சாலையில் நடந்தபோது, விடியலில் பால்மரம் சீவச் சென்ற நம் பாட்டிமாரை நினைத்தேன். எந்தத் தோட்டத்துப் பால் எந்தக் கட்டடமாயிற்று என்று எவரால் கணக்கிட முடியும்? அழகப்பரைக் குறை கூறவில்லை. அவர் கொடுத்தார், கொடாதோர் பலர். ஆனால் அக்கல்லில் நம்மவர் பங்கும் உண்டென்று நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

மற்றொருவர் ரோஜா முத்தையா. செல்வந்தர் அல்லர், பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், இதழ்கள், கடிதங்கள் என மற்றவர் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் இருந்தன. அவற்றை 1994இல் வாங்கியது அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம்! நல்வினையாக அத்தொகுப்பு கடல் கடக்கவில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றுள்ளது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் அதன் படியேறாமல் இருக்க முடியாது.

நம்மிடம் என்ன இருந்தது? மகுதூம் சாயபு 1887இல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ நடத்தினார். 1924இல் ‘தமிழ் நேசன்’ பிறந்தது, 2019இல் நின்றது. 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். இவற்றைத் தோட்ட வீடுகளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். படித்த தாள் பிறகு கடையில் பொட்டலமாயிற்று.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளி இடம் மாறியபோது, பழைய இதழ்களும் வருகைப் பதிவேடுகளும் மூன்று பெட்டிகளில் கிடந்தன. கரையான் பிடித்துவிட்டது என்றார்கள். எரிக்கும்போது நானும் அங்கே நின்றேன். ஒரு பெட்டியையாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். கோட்டையூரில் நின்றபோது அந்தப் புகைதான் நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பியதும் ஐந்தாம் ஆண்டு மாணவரிடம், வீட்டிலுள்ள பழைய தமிழ்த்தாள் எதுவாயினும் எறியாமல் கொண்டுவருமாறு கூறினேன். முதல் வாரம் எவரும் கொண்டுவரவில்லை. பின்னர் ஒரு மாணவி, தன் பாட்டியின் தகரப்பெட்டியிலிருந்து தோட்டத்து மாரியம்மன் திருவிழா நோட்டீசு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆண்டு 1962. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. உபயகாரர் பட்டியல் தப்பியிருந்தது. அப்பெயர்களுள் இரண்டைத் தன் தாத்தாக்களுடையவை என்று இரண்டு மாணவர்கள் அன்றே கண்டுபிடித்தனர்.