முதலில் எந்த உளி?

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பி, பொழுதுபோக்காக மரவேலை பழகும் சிலர் "சார், என்னென்ன கருவி வாங்கலாம்?" என்று கேட்கிறீர்கள். மின்கருவிகளை வாங்கி அடுக்குமுன் கொஞ்சம் வரலாறு.

நம் கடற்கரையில் வத்தையும் வள்ளமும் கட்டிய ஓடாவிகள் கடையில் செட்டாகக் கருவி வாங்கியவர்கள் அல்லர். கொல்லரிடம் இரும்பை மட்டும் அடித்து வாங்குவார்கள். உளிக்குப் பிடியும் இழைப்புளிக்குக் கட்டையும் தாங்களே செய்துகொள்வார்கள். வேலை கேட்டால்தான் அடுத்த கருவி வரும்.

சுவீடனில் ஓட்டோ சாலமன் 1870களில் நாஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கு மரவேலை கற்பித்தார். அங்கே கையில் கொடுத்த முதல் கருவி ஒரு கத்தி! நம் நாட்டில் 1937 வார்தா மாநாட்டையடுத்து ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வியிலும் தச்சுக்கு இடம் இருந்தது. (ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு இது பரீட்சைக் கேள்வி.)

முதலில் என்ன பொருள் செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சின்ன முக்காலி என்றால் கைரம்பம், மூலைமட்டம், இழைப்புளி, கொட்டாப்புளி, அரை அங்குல உளி ஒன்று போதும். சாணைக்கல்லில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நம் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறும். வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். டிரில் மிஷினைப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்கலாம்.