அவைக்கு வெளியே நின்ற நாடு

1938 செப்டம்பர் 29ஆம் நாள் மியூனிக் நகரில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்கள் கூடிச் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லையைத் திருத்தி வரைந்தனர். எல்லையை இழக்கவிருந்த நாட்டிற்கு அவ்வவையில் இடமில்லை. அதன் பெர்லின் தூதர் மாஸ்த்னியும் வெளியுறவுத்துறை அலுவலர் ஒருவரும் விடுதி அறையில் காவலுக்கிடையே காத்திருந்தனர். நள்ளிரவு கடந்து ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே, சேம்பர்லினும் தலாதியேவும் அவர்களை அழைத்து அதன் படியைக் கொடுத்தனர். மறுமொழி எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை என்றும் உணர்த்தப்பட்டது. சேம்பர்லின் ஓயாது கொட்டாவி விட்டார் என்று அவ்வலுவலர் தம் அறிக்கையில் எழுதி வைத்தார். ஒரு நாட்டின் விதி எழுதப்பட்ட இரவைக் காட்ட அக்குறிப்பு ஒன்றே போதும்.

இங்குக் கருதத்தக்கது, கைவிடப்பட்டது அயல்நாடன்று, நட்புநாடு என்பதே. 1924, 1925ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் பிரான்சு அந்நாட்டிற்குக் கடமைப்பட்டிருந்தது. 1935இல் உதவி உறுதியளித்த சோவியத் ஒன்றியமும் மியூனிக்கிற்கு அழைக்கப்படவில்லை.

ஒப்பந்தச் செய்தி இலண்டனிலும் பாரிசிலும் பெருமகிழ்ச்சியுடன் வரவேற்கப்பட்டது. அம்மகிழ்ச்சியை எள்ளி நகையாடுதல் எளிது, முறையன்று. முதல் உலகப்போர் முடிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. இலண்டன் பூங்காக்களில் பதுங்குகுழிகள் தோண்டப்பட்டு, நச்சுக்காற்று முகமூடிகள் வழங்கப்பட்டு வந்த வாரம் அது. அரசவைக் கவிஞர் மேஸ்ஃபீல்டு, இட்லரைக் காணச் சேம்பர்லின் முதன்முறை பறந்து சென்றதைப் போற்றிச் செப்டம்பரிலேயே ‘டைம்ஸ்’ இதழில் ஒரு சிறு கவிதை எழுதினார். முதல் உலகப்போரில் மருத்துவமனைப் பணியாளராய்க் காயமுற்றோரைப் பேணியவர் அவர். அவரது பாராட்டை வெறும் அரசவைப் பணிவென ஒதுக்கிவிட இயலாது.

எதிர்ப்பும் எழாமலில்லை. கடற்படை அமைச்சர் டஃப் கூப்பர் பதவி துறந்தார். அக்டோபர் 5இல் சர்ச்சில் இதனை முழுத் தோல்வியென மக்களவையில் இடித்துரைத்தார். ஆயினும் 366 வாக்குகளுக்கு 144 என அரசே வென்றது. ஆளுங்கட்சியினர் ஏறத்தாழ முப்பதின்மர் வாக்களிக்காது விலகியிருந்தனர். பிரெஞ்சு அவையில் எதிர்த்தவர் 75 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பொதுவுடைமைக் கட்சியினர். அம்மாத இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு இடைத்தேர்தல் மியூனிக் பற்றிய பொதுவாக்கெடுப்பாகவே மாறிற்று. தொழிற்கட்சி, தாராளவாதக் கட்சி வேட்பாளர்கள் விலகி, பேலியல் கல்லூரித் தலைவர் லிண்ட்சேக்கு வழிவிட்டனர். கவிஞர் லூயி மெக்னீஸ் அவருக்காகத் தேர்தற்பணி செய்தார். அவ்விலையுதிர் காலத்தின் அச்சத்தையும் வெட்கத்தையும் 1939இல் வெளிவந்த தம் நெடுங்கவிதையில் பதிவும் செய்தார். லிண்ட்சே 12,363 வாக்குகள் பெற்று, 15,797 பெற்ற அரசுத்தரப்பு வேட்பாளரிடம் தோற்றார். மூன்று வாரங்களில் பிரிட்ஜ்வாட்டரில் ஒப்பந்தத்தை எதிர்த்து நின்ற இதழாளர் பார்ட்லெட் வென்றார்.

எனினும், இவ்வெதிர்ப்பு உரைகளுள் பெரும்பாலானவற்றின் நடுப்பொருள் பிரிட்டனின் மானமும் பிரிட்டனின் காப்புமே. செக்கோஸ்லோவாக்கியா அங்கும் பேசப்படும் பொருளாகவே இருந்தது; பேசுபவராக இல்லை.

அது தன் குரலைக் கேட்கச் செய்தது கவிதையில்தான். பிராகில் மக்கள் தெருக்களில் நின்று அழுதனர். போரிடலாம் என்று வேண்டிய படைத்தலைவர்களுக்கு அதிபர் பெனெஷ் இணங்கவில்லை. அவ்வாண்டே ஹாலாஸ், சைஃபெர்ட் ஆகிய கவிஞர்களின் தொகுதிகள் வெளிவந்தன. பெருநாடுகளின் இரண்டகத்தை ஹாலாஸ் மறைக்காது சாடினார். சைஃபெர்ட் 1984இல் நோபல் பரிசு பெற்றவர். ‘நம்மைப் பற்றி, நாமில்லாமல்’ என்னும் தொடர் செக் மொழியில் மியூனிக்கிற்கே மறுபெயராயிற்று.

அக்குரலை உடனே உணர்ந்தவர்களுள் இந்தியர் சிலரும் உளர். அவ்வாண்டு ஆகஸ்டில் நேரு பிராகுக்குச் சென்றுவந்தார். பிரிட்டிஷ் அரசின் போக்கைக் கண்டித்து ‘மான்செஸ்டர் கார்டியன்’ இதழுக்கு எழுதினார். காந்தியடிகள் அக்டோபரில் ‘ஹரிஜன்’ இதழில் செக் மக்களுக்கு அறப்போரை வழியெனக் காட்டினார். அவ்வறிவுரை இன்றும் வாதத்திற்குரியதே. தாகூர் தம் நூல்களைச் செக் மொழியில் பெயர்த்த பேராசிரியர் லெஸ்னிக்குத் தம் துயரத்தைக் கடிதத்தில் தெரிவித்தார். தமிழாய்வுக்குக் கமில் சுவலபிலைத் தந்த பிராகின் இந்தியவியல் மரபில் முன்னோடி இந்த லெஸ்னி.

அடுத்த ஆண்டு மார்ச் 15இல் ஜெர்மானியப் படை பிராகினுள் நுழைந்தது. செப்டம்பர் 3இல் போர் மூண்டபோது, இந்தியத் தலைவர் ஒருவரையும் கலவாமல் இந்தியாவும் போரில் இறங்கியதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். எதிர்த்து, மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் இராஜாஜி அமைச்சரவையும் அவற்றுள் ஒன்று.

மியூனிக் ஒப்பந்தம் இனித் தன்னைக் கட்டுப்படுத்தாது எனப் பிரிட்டன் 1942 ஆகஸ்டில் அறிவித்தது. மேற்கு ஜெர்மனி அது செல்லாதென ஏற்றது 1973 டிசம்பரில், பிராக் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில். அம்முறை செக்கோஸ்லோவாக்கியாவும் கையெழுத்திட்டது.