வரலாறு தானாக நகருமா? ஓசூர் எழுப்பும் கேள்வி

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. இன்று அங்கிருந்து லாரிகளும் இருசக்கர வாகனங்களும் கைக்கடிகாரங்களும் நாடெங்கும் செல்கின்றன. 2018 நவம்பரில், அதே ஓசூர்ப் பகுதியைச் சேர்ந்த தலித் இளைஞர் ஒருவரும், அவரைச் சாதி மறுத்து மணந்த பெண்ணும் கொல்லப்பட்டனர். எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் அவர்களது உடல்கள் மீட்கப்பட்டன. பெண்ணின் உறவினர்கள் கைதாயினர். இத்தனை ஆண்டுத் தொழில்மயம் சாதியை ஏன் கரைக்கவில்லை? வரலாற்றை இயக்குவது எது, அதன் முடிவு எது என்னும் தத்துவ விவாதத்திற்குள் இக்கேள்வி நம்மை இட்டுச் செல்கிறது.

முடிவை நோக்கிய வரலாறு

கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் வரலாற்றை இறைத்திட்டத்தின் வெளிப்பாடாகக் கண்டார். இறுதித் தீர்ப்பு நாளே அதன் முடிவு. ஹெகல் அதனைச் சுதந்திர உணர்வின் வளர்ச்சி என்றார். இந்தியருக்கு வரலாறே இல்லை என்றும் கருதினார். மார்க்சின் பார்வையில் அது வர்க்கப் போராட்டத்தின் வழியே வர்க்கமற்ற சமூகத்தை நோக்கிச் செல்வது. தாராளவாத ஜனநாயகமே அரசியலின் இறுதி வடிவம் என்றும், அவ்வகையில் வரலாறு தன் முடிவை எட்டிவிட்டது என்றும் 1989இல் ஃபுகுயாமா வாதிட்டார்.

பொய்த்த கணிப்பு

சாதிகளுக்கு அடித்தளமான பரம்பரைத் தொழிற்பிரிவினையை, ரயில்வேயால் உருவாகும் நவீனத் தொழில் கலைத்துவிடும் என 1853இல் மார்க்ஸ் எழுதினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் தலித் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர் காட்டிய உண்மை வேறு. கேங்மேனாகச் சேரும் தலித், இறுதிவரை கேங்மேனாகவே உழைத்தார். பம்பாய் ஆலைகளிலும் கூடுதல் கூலி தரும் நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு மூடப்பட்டிருந்தது. தொழிற்சாலை சாதியைக் கலைக்கவில்லை. தனக்குள் அடுக்கி வைத்துக்கொண்டது. எனவேதான் பார்ப்பனியம், முதலாளியம் இரண்டையும் தொழிலாளரின் எதிரிகள் என்றார் அம்பேத்கர்.

அம்பேத்கரின் விடை

1943 ஜனவரி 18 அன்று புனேயில், ரானடேயின் 101ஆம் பிறந்தநாள் விழாவில் அம்பேத்கர் இவ்விவாதத்தை நேரடியாகவே எடுத்துக்கொண்டார். அகஸ்டினின் இறைத்திட்டம், பக்கிளின் புவியியல், மார்க்சின் பொருளாதாரம் ஆகிய மூன்று விளக்கங்களையும் அவர் பரிசீலித்தார். பின்னிரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. மனிதரை மீறிய ஆற்றல்கள் வலியவையே. எனினும் அவை என்ன விளைவைத் தரும் என்பது மனிதரைப் பொறுத்தது. சிக்கிமுக்கிக் கல் இருந்தாலும், அதை உரசி நெருப்பு உண்டாக்க மனிதர் தேவை என்று அவர் விளக்கினார்.

ஓசூருக்குத் திரும்புவோம். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில், ஆணவக் குற்றங்களைத் தடுக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எட்டு மாதங்களில் இக்கொலை நிகழ்ந்தது. ஆலைகள் இருந்தன, வாக்குரிமை இருந்தது, தீர்ப்பும் இருந்தது. கல் கையில் இருந்தது, உரசுவதற்கு ஆளில்லை.

அரசியலில் சமத்துவம், சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வு என்னும் முரணோடு நாம் குடியரசுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அம்முரண் தீராதவரை வரலாறு முடிந்ததாக நாம் ஏற்க இயலாது. தொழில் வளர்ந்தால் சாதி தானே ஒழியும் எனக் காத்திருக்கவும் இயலாது. நம் மாவட்டத்தில் அச்சிறப்புப் பிரிவு இயங்குகிறதா, அச்சுறுத்தப்படும் இணையருக்கு அதன் கதவு திறக்கிறதா என்று கேட்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.