லங்காவிப் பாறையில் ஓர் அற்புதம்

வீட்டு முற்றத்தில் வளரும் காசித்தும்பையை அறியாத தமிழர் குறைவு. அதன் முற்றிய காயை விரலால் தொட்ட அளவிலே தோல் சுருண்டு வெடித்து, விதைகள் நாற்புறமும் தெறிக்கும். சிறுவர்க்கு அது விளையாட்டு. தாவர நூலார்க்கோ அதுவே பெயர்க்காரணம் ஆயிற்று. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இப்பேரினத்தை ‘இம்பேஷியன்ஸ்’ என்று குறித்தார். ‘பொறுமையற்றது’ என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள்.

இப்பேரினத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் வியப்புக்குரிய ஒன்று, மலேசியாவின் வடமேற்கே லங்காவித் தீவுகளிலும் அவற்றை அடுத்த தென் தாய்லாந்திலும் சுண்ணாம்புக்கல் பாறைகளில் வளர்கின்றது. அதற்குப் பெயர் வாய்த்த வரலாறு, ஓர் உயிரை அறிதல் என்பது எத்துணை அரிய செயல் என்பதை உணர்த்த வல்லது.

காட்டுக் காசித்தும்பைகளை வகைப்படுத்துவது தாவர நூலார்க்கு நெடுங்காலமாகவே பெருந்தொல்லையாய் இருந்து வந்தது. காரணம் பூவின் அமைப்பிலேயே உள்ளது. புல்லியிதழ்களுள் ஒன்று பை போல் விரிந்து, பின்புறம் தேன் தங்கும் குழலாக நீள்கின்றது. அல்லியிதழ்கள் ஐந்தில் ஒன்று மேலே தனித்து நிற்க, ஏனைய நான்கும் இவ்விரண்டாய் இணைந்து கிடக்கின்றன. மகரந்தப்பைகள் ஒன்று சேர்ந்து, சூலகத்தின் மேல் குல்லாய் போல் கவிந்துள்ளன. இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடெல்லாம் இவ்வுறுப்புகளின் வடிவிலேதான் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றது. ஆனால் நீர் நிறைந்த அம்மெல்லிய பூவைத் தாளிடையே வைத்து அழுத்தி உலர்த்தினால், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, இன்ன உறுப்பு இன்னது என்று பிரித்தறிய இயலாதவாறு ஆகிவிடும். அதனை மீண்டும் நனைத்து, ஊசிமுனையால் இழை இழையாகப் பிரித்த பின்னரே உருவம் ஓரளவு தெளிவாகும்.

இத்தொல்லையை விரும்பி ஏற்றவர் ஆங்கில அறிஞர் சர் ஜோசப் டால்டன் ஹூக்கர். இமயமலைப் பகுதியில் அலைந்து செடிகளைத் திரட்டிய அவர், தாமஸ் தாம்சனுடன் சேர்ந்து 1859ஆம் ஆண்டிலேயே இந்தியக் காசித்தும்பைகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து 1885இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவருடைய ஆராய்ச்சி ஓயவில்லை. ‘கர்ட்டிஸ் தாவரவியல் இதழ்’ என்னும் பழம்பெரும் வெளியீட்டை அவரே தொடர்ந்து நடத்தி வந்தார். 1787இல் தொடங்கிய அவ்விதழின் மரபு, உயிருள்ள செடியைக் கண்முன் வைத்து வரைந்த வண்ணப் படத்தோடு விளக்கம் தருவதாகும்.

அக்காலத்தில் பினாங்குத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். இதழின் பெயருக்குரிய வில்லியம் கர்ட்டிஸ் வேறு, இவர் வேறு. 1884இல் பொறுப்பேற்ற இவர், தோட்டத்தைப் பேணியதோடு அமையாது, சுற்றுப்புறத் தீவுகளுக்கும் காடுகளுக்கும் சென்று செடிகளைத் திரட்டினார். அவருடைய தேடலால் லங்காவிப் பாறையின் காசித்தும்பை அறிவுலகின் பார்வைக்கு வந்தது. கெடா, சயாமின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்த காலம் அது.

1891ஆம் ஆண்டு ஹூக்கர் அச்செடியைத் தம் இதழில் விளக்கி, ‘இம்பேஷியன்ஸ் மிராபிலிஸ்’ எனப் பெயரிட்டார். மிராபிலிஸ் என்றால் ‘அற்புதமானது’. காசித்தும்பை என்றாலே மெல்லிய தண்டுடைய சிறுசெடியை எண்ணியிருந்தோர்க்கு, இதன் தண்டு அற்புதமாகவே தோன்றியிருத்தல் வேண்டும். அது தூண் போல் பருத்துச் சதைப்பற்று மிக்கது. இலைகள் உச்சியில் கொத்தாக நிற்கும். மழையற்ற மாதங்களில் அவை உதிர்ந்துவிட, தண்டு மட்டும் நீரைத் தன்னுள் தேக்கிக்கொண்டு வெறும் பாறையில் காத்திருக்கும். பொறுமையற்றது என்னும் பேரினத்தில் இத்துணைப் பொறுமை வாய்ந்ததோர் உறுப்பினர்!

ஹூக்கர் 1911இல் தம் 94ஆம் வயதில் மறையும் வரை காசித்தும்பைகளை விடவில்லை. ஆயினும் வகைப்பாடு அவரோடு முற்றுப்பெறவும் இல்லை. அவர் தம் இந்தியத் தாவர நூலில் இச்செடிகளை ஜெரானியக் குடும்பத்தில் அடக்கினார். இன்றைய மரபணு ஆய்வோ, இவற்றைத் தனிக்குடும்பமாகக் கொண்டு, தேயிலைக் குடும்பமும் இடம்பெறும் வரிசையில் சேர்த்திருக்கின்றது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு பேரினத்தையே இரண்டு பெரும்பிரிவுகளாக வகுத்தது. பெட்டிகள் மாறுகின்றன; பெட்டிக்குள் வைக்கப்பட்ட உயிர் மாறவில்லை.

அறிவியல் மரபுப்படி இவ்வினத்தின் முழுப்பெயரோடு இணைந்து நிற்பது ஹூக்கரின் பெயர் ஒன்றே. பாறையைத் தேடிச் சென்ற கர்ட்டிஸின் பெயர் அதில் இல்லை. தீவுக்குப் படகு செலுத்தியோர், வழி காட்டியோர் ஆகியோரின் பெயருக்கோ அம்மரபில் இடமே இல்லை. விளக்கி எழுதியவரைப் போற்றும்போது, கண்டு கொணர்ந்தோரையும் நினைத்தல் வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மையாகும்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. காசித்தும்பையின் காய் எவ்வளவு விசையோடு வெடித்தாலும், விதை சில மீட்டர் தொலைவுக்கு மேல் செல்வது அரிது. ஆகவே சுண்ணாம்புக் குன்றை நாடி வாழும் செடி, அதனை விட்டு எளிதில் வேறிடம் பெயர்வதில்லை. இத்தகைய இனங்கள் சிறு எல்லைக்குள்ளேயே வாழ்வதற்கும், குன்றை உடைத்தால் குடியோடு அழிவதற்கும் காரணம் இதுவே. லங்காவி 2007இல் யுனெஸ்கோவின் ஏற்புப் பெற்ற புவிப்பூங்காவானது ஆறுதல் தரும் செய்தி. எனினும் சிமெண்டுக்காகவும் சல்லிக்காகவும் உடைபடும் சுண்ணாம்புக் குன்றுகள் நாட்டில் வேறு பல உள்ளன.

உலர்ந்த பூவிலிருந்து காசித்தும்பையை முழுமையாக அறிய இயலாது என்பதை ஹூக்கர் தம் நீண்ட உழைப்பால் கண்டார். அப்பாடம் நமக்கும் உரியது. பெயரைத் தாளில் காத்துவிடலாம். செடியைக் காக்கப் பாறை வேண்டும்.